ஐஸ் பெட்டியில் கைவிடப்படும் ஈரல்கள்: சுகாதார அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழர்கள் எழுதுகிறோம். சென்ற வாரம் இந்தக் கரையில் கொடையாகக் கிடைத்த ஒரு கல்லீரலைக் கொழுப்பு அதிகம் என்று கைவிட்டுவிட்டார்கள். மருத்துவர்களைக் குறை சொல்லவில்லை. கொழுப்பேறிய ஈரல் குளிரைத் தாங்காது. 4 டிகிரியில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கும் ஈரல் வேலை செய்யுமா என்று கண்ணாலும் கையாலும்தான் கணிக்க வேண்டும். தவறினால் நோயாளியின் உயிர் போகும்.

அந்தக் கணிப்பை நம்பியிருக்கத் தேவையில்லை என்பதால்தான் கேட்கிறோம்: ஈரல் மாற்று நடக்கும் அரசு மருத்துவமனைகளில் வெப்பப் பெர்ஃபியூஷன் இயந்திரத்தை, அதாவது ஈரலை உடல் சூட்டில் வைத்து ரத்தம் ஓட்டும் கருவியை, வழக்கமான செலவாகவே ஒதுக்குங்கள்.

இயந்திரத்துக்குள் 3 யூனிட் சிவப்பணு, 500 மில்லி ஜெலட்டின் திரவம், ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின், ஆன்டிபயாடிக். இன்சுலினும் பித்த உப்பும் ஊட்டமும் சொட்டுச் சொட்டாக இறங்கும். ஈரல் தமனிக்கும் குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் நாளத்துக்கும் குழாய் மாட்டி, 37 டிகிரியில் ஆக்சிஜனோடு ரத்தம் ஓடும். வெளிறிக் கிடந்த ஈரல் சிவக்கும், பித்தக் குழாயில் பழுப்புத் துளி இறங்கும். 4 மணி நேரத்துக்குள், ஈரல் அகற்ற வேண்டிய கழிவான லாக்டேட் லிட்டருக்கு 2.5 மில்லிமோலுக்குக் கீழே வந்து பித்தமும் சுரந்தால் ஈரல் வேலை செய்கிறது. லாக்டேட் இறங்காவிட்டால், ஒருவர் வயிற்றைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும்.

இங்கிலாந்தின் பர்மிங்காமில், பிரிட்டனின் மாற்று மையங்கள் எல்லாம் கைவிட்ட 31 ஈரல்களை இப்படிச் சோதித்து 22ஐப் பொருத்தினார்கள்; 90 நாளில் 22 பேரும் உயிரோடு இருந்தார்கள். பின்னர் நால்வருக்குப் பித்தநாளம் சுருங்கி மறுமாற்று தேவைப்பட்டது, அதையும் மறைக்கவில்லை. இந்த இயந்திரத்தை ஐஸ் பெட்டியோடு ஒப்பிட்டு 2018இல் வெளியான ஐரோப்பியச் சோதனையில், 220 மாற்றுகளில், கைவிடப்படும் ஈரல்கள் பாதியாகக் குறைந்தன.

இயந்திரத்தை மட்டும் வாங்கி வைத்தால் போதாது. ஒவ்வொரு ஈரலுக்கும் புதுக் குழாய்த் தொகுதி வேண்டும், அது மறுமுறை ஆகாது. சிலருக்கு வலப்பக்க ஈரலுக்குத் தனித் தமனி இருக்கும். இயந்திரத்தில் மாட்டும் முன் பெஞ்சிலேயே தைத்துச் சேர்க்காவிட்டால் அந்தப் பக்கம் ரத்தமில்லாமல் போகும். ஐஸில் தெரியாத கசிவு, ரத்தம் ஓடியதும் பீறிடும். குழாயில் காற்று புகுந்தால் இரவு 3 மணிக்கும் அருகில் ஆள் இருக்க வேண்டும். ஆளுக்கும் ரத்தத்துக்கும் மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரிக்கும் பணம் ஒதுக்காத திட்டங்களைத்தான் இத்தனை ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம்.

இந்த நாட்டில், கொடையாளர் முன்பே பதிவு செய்திருந்தாலும் குடும்பம் சம்மதிக்க வேண்டும். மூளைச்சாவு என்று கேட்ட அந்த நிமிடத்திலேயே ஒரு தாய் தலையசைத்துக் கொடுத்தது குப்பைக்குப் போனதென்றால், அடுத்த தாயிடம் எந்த முகத்தோடு கேட்பது?

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறோம். இயந்திரம், குழாய்த் தொகுதி, இரவுப் பணியாளர் மூன்றுக்கும் சேர்த்தே நிதி ஒதுக்குங்கள். எந்த நிதியாண்டில் என்பதைப் பதிலில் குறிப்பிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
டர்பன் தமிழர்கள்