அந்தப் பட்டியலைக் கையில் வாங்கும்போது

கண்ணு,

புது ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்ததும் காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள் பட்டியலை உன் மேசையில் வைப்பார்கள். ‘டிஃபால்ட்டர்’ என்பார்கள், ஏதோ கடன் வாங்கி ஏமாற்றியவரைச் சொல்வதுபோல. அந்தச் சொல் உன் வாயில் வரவேண்டாம்.

முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று. எடை 35 முதல் 49 கிலோ என்றால் தினம் 3 மாத்திரை, 50 முதல் 64 என்றால் 4. இதெல்லாம் நீ படித்ததுதான். மூன்று நான்கு வாரத்தில் இருமல் அடங்கும், பசி எடுக்கும். பசி எடுத்த வீட்டில் அரிசி இல்லையென்றால் ஆள் கட்டட வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஏழரைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நிற்காவிட்டால் அன்றைய கூலி போச்சு. உன் மருந்தகம் அதற்குப் பிறகுதான் திறக்கும். ஒரு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடு. தினமும் விழுங்குவதைப் பார்க்கிற ஆள் யாரென்று அவரே சொல்லட்டும், நீ தீர்மானிக்காதே.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வில் பாதிப் பேரை நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைக்கிற சானடோரியத்தில், அதாவது காசநோய் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள், மீதிப் பேரை நெரிசலான வீடுகளிலேயே விட்டார்கள். ஒரு வருடத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே பலன். ‘பார், சாப்பாடு முக்கியமில்லை’ என்று இதைச் சுருக்குகிறவர்கள் உண்டு. வீட்டில் இருந்தவர்களைத் தேடிப் போய்ப் பார்க்க ஆள் இருந்ததை மறந்துவிடுகிறார்கள். சாப்பாட்டின் கணக்கு 2023-ல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வில் இருக்கிறது. நோயாளி வீட்டில் மற்றவர்களுக்கும் மாதாமாதம் தலைக்கு 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் கொடுத்தபோது, அவர்களில் புதிதாக நுரையீரல் காசநோய் வந்தவர்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள்.

ஊட்டச்சத்துக்கு அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய். பல நேரம் அது போய்ச் சேராது. வங்கிக் கணக்கு உபயோகமில்லாமல் முடங்கியிருக்கும், இல்லையென்றால் பாஸ்புக்கில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர். முதல் நாளே பாஸ்புக்கை வாங்கிப் பார்.

அதே நாளில் எடையும் உயரமும் எடு. உயரத்துக்கு எடை மிகவும் குறைந்து காலில் வீக்கமும் இருக்கிறதா, எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்க முடியவில்லையா, மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டுகிறதா, ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழா என்று பார். இதில் ஒன்று இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பாதே, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்.

சளி கொண்டுவரச் சொன்னால் பாதிப் பேர் எச்சில்தான் கொண்டுவருவார்கள். தண்ணீரில் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமச் சொல். 2 மில்லியாவது கெட்டியாக வரவேண்டும். நாலு பேர் எதிரே பெண்கள் துப்ப மாட்டார்கள். கட்டடத்துக்குப் பின்னால், காற்றோட்டமாக, யார் கண்ணிலும் படாத இடம் ஒன்று பார்த்து வை.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று முன்கூட்டிச் சொல். சொல்லாவிட்டால் ரத்தமென்று பயந்து, ‘மாத்திரை சூடு’ என்று தூக்கிப் போடுவார்கள். குடிக்கிறவரைத் திட்டி விரட்டாதே. குடியும் மாத்திரையும் சேர்ந்தால் ஈரல் கெடலாம்; வாந்தி விடாமல் வந்தாலோ கண் மஞ்சளானாலோ அத்தனை மாத்திரையையும் நிறுத்திவிட்டு உடனே வரச் சொல். வீட்டில் தட்டும் டம்ளரும் தனியாக வைப்பார்கள். இது காற்றில் பரவுகிற நோய், ஜன்னலைத் திறக்கச் சொல். கழுத்தில் மட்டும் காசநோய்க் கட்டி இருக்கிற பெண்ணால் யாருக்கும் தொற்றாது என்பதை அவள் வீட்டாரிடம் நீயே சொல்லவேண்டும், ஆனால் அவள் சரி என்ற பிறகு. துறைப் பெயர் எழுதிய வண்டியை வாசல் வரை கொண்டுபோகாதே, தெருமுனையில் இறங்கி நட.

இன்னொன்று. கல்யாணமான பெண்ணிடம் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேள், காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் அதை வேலை செய்ய விடாது. கேட்கும்போது மாமியார் வெளியே இருக்கட்டும்.

அம்மா