பால் உறஞ்சு போச்சு சார்: திற்பரப்புல இருந்து ஒரு திறந்த மடல்

சம்பந்தப்பட்ட அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்த அதிகாரிக்குன்னு பேர் போடல, அதுக்கு காரணம் உண்டு. போன தடவ ஒரு ஆபீசுக்கு பேர் போட்டே எழுதி குடுத்தேன், இது நாங்க பாக்குற வேல இல்லன்னு இன்னொரு ஆபீச கை காட்டுனாங்க, அங்க போனா ரோடு எங்களுது தான் ஆனா ரோட்டுல நிக்குற வண்டி எங்களுது இல்லன்னாங்க, வண்டிய பாக்குறவங்ககிட்ட போனா ஆளு பத்தாதுன்னாங்க. மூணு நாள் ரப்பர் பால்வெட்டு போனது தான் மிச்சம். அதனால இந்த தடவ பொதுவா எழுதுறேன், யாருக்கு தைக்குதோ அவங்க எடுத்துக்கலாம்.

விஷயம் உங்களுக்கு தெரியாதது இல்ல. ஞாயித்துக்கிழமையும் லீவு நாளும் குமரி மாவட்டத்துல எங்க திற்பரப்பு அருவிக்கு வர்ற வண்டியெல்லாம் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நிக்குது, நடுவுல மிஞ்சுற இடத்துல எதிரெதிரா ரெண்டு வேன் வந்து மொறச்சுக்கிட்டா அர மணிக்கூர் கத. கார்த்திக மாசம் தொடங்கி தை வரைக்கும் ஐயப்ப சாமிமாரு பஸ்சும் சேந்துக்கும், அப்ப கெழமையே கெடையாது, தெனமும் ஞாயித்துக்கிழம தான். நாங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணு. ரோட்டுல ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், வண்டி நிறுத்த விடாதீங்க. எந்தப் பக்கம்னு கூட நாங்க சொல்லல, உங்க இஷ்டம்.

இப்ப போன ஞாயித்துக்கிழம நடந்தத சொல்லிடுறேன், அது சொன்னா தான் எனக்க வயித்தெரிச்சல் புரியும்.

நான் ரப்பர் வெட்டுறவன். 260 மரம், பாதி சொந்தம் பாதி பாட்டத்துக்கு எடுத்தது. 2017ல ஒக்கி புயல் அடிக்குறதுக்கு முன்னால பாட்டம் எல்லாம் தேவப்படல, சொந்த மரமே அவ்வளவு உண்டு, ஒரே நாள்ல பாதி சாஞ்சு போச்சு, அது வேற கத. காலைல நாலு மணிக்கு தலையில லைட்ட கட்டிட்டு எறங்கணும், வெயில் ஏற ஏற மரம் பால் தராது. வெட்டி முடிச்சு, சிரட்டைல வடிஞ்சு நிக்குறது வரைக்கும் பொறுத்து, எட்டு எட்டரைக்கு பக்கெட்டுல எடுத்தா அதுக்கப்புறம் ஓட்டம் தான். மெஷின் இருக்கது மாமா வீட்டுல, அருவி ரோட்ட தாண்டி போகணும். அங்க டிஷ்ல ஊத்தி, தண்ணியும் ஆசிட்டும் கலக்கி வச்சு, உறஞ்ச பெறகு மெஷின்ல விட்டு எடுத்தா தான் ஷீட்டு. நாம சொல்ற நேரத்துல நாம வச்ச டிஷ்ல உறஞ்சா அது ஷீட்டு, அதுக்கு தோணுன நேரத்துல பக்கெட்டுக்குள்ள உறஞ்சா அது ஒட்டுப்பால். ரெண்டும் ஒரே மரத்து பால் தான், வில மட்டும் ஒண்ணு இல்ல.

அன்னைக்கு எட்டே முக்காலுக்கு பைக்ல ரெண்டு பக்கெட்டோட வளைவுல வந்து மாட்டுனேன். முன்னால ஒரு டெம்போ டிராவலர், டிரைவர் சீட்டுல ஆளு இல்ல, எங்கன்னு கேட்டா குளிக்க போயிருக்காருன்னு உள்ள இருந்த பாட்டி சொல்லுச்சு. அவரு குளிச்சு, தல தொவத்தி, பழ பஜ்ஜியும் தின்னுட்டு தான் வருவாருன்னு எனக்கு தெரியும். இந்தப் பக்கம் கார் வரிச, அந்தப் பக்கமும் கார் வரிச, பின்னால ஒரு பஸ் வந்து ஒட்டி நின்னுட்டு ஹாரன் அடிக்கான், பைக்க திருப்பவும் வழி இல்ல, பக்கெட்ட கைல தூக்கிட்டு நடக்கலாம்னா ஒரு பக்கெட்ட விட்டுட்டு இன்னொண்ண தூக்கணும்.

ஒம்பதரைக்கு மூடிய தொறந்து பாத்தேன், ஓரத்துல சின்ன சின்னதா திரி திரியா நிக்குது. கைய விட்டு எடுத்து போட்டேன். பத்து மணிக்கு கைய விட்டா வெரலு எறங்கல. பத்தரைக்கு ரோட்டு ஓரமா பக்கெட்ட கவுத்தேன், குழாப்புட்டு குத்தி எடுக்கது போல மொத்தமா ஒரே கட்டியா வெளிய வந்து நின்னுச்சு, பக்கெட்டோட வளையம் கூட அதுல பதிஞ்சு இருக்கு. பக்கத்து கார்ல இருந்து எறங்குன ஒரு சின்ன புள்ள அத தொட்டு பாத்துட்டு, அங்கிள் இது பன்னீரான்னு கேட்டுச்சு. அவங்க அப்பா போட்டோ எடுத்தாரு. நான் என்ன சொல்ல, ஆமா மக்ளேன்னு சொல்லிட்டேன்.

அதோட முடிஞ்சிருந்தா கூட இந்த மடல் எழுதிருக்க மாட்டேன். ரசீது புக்க வச்சுக்கிட்டு ஒரு பையன் வந்து, அண்ணே வண்டி ரொம்ப நேரமா நிக்கே, பார்க்கிங் காசு குடுங்கன்னான். நான் நிறுத்தலடே, நிறுத்தி வச்சிருக்காங்கன்னேன். அவனுக்கு அது புரியல, அவனும் சம்பளத்துக்கு நிக்குறவன், திட்டி என்ன பிரயோஜனம். எனக்க ஊர்ல, எனக்க வீட்டுல இருந்து மாமா வீட்டுக்கு போற ரோட்டுல, ஒட்டுப்பாலுக்கு பார்க்கிங் குடுத்த மொத ஆளு நானா தான் இருப்பேன்.

மத்தியானம் ஒரு ஆபீசுக்கு போன் போட்டேன். எடுத்தவரு மரியாதையா தான் பேசுனாரு, அத சொல்லணும். சார் ரோட்டுல ரெண்டு மணிக்கூர் மாட்டி பால் கெட்டு போச்சுன்னேன். அடடா, எத்தன மாடு வச்சிருக்கீங்கன்னு கேட்டாரு. மாடு இல்ல சார் மரம்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அவரு மேல தப்பு இல்ல, வேற மாவட்டத்துல இருந்து மாறி வந்தவரு போல, தமிழ்நாட்டுல முக்கால்வாசி பேருக்கு பால்னா மாடு தான். ஆனா இந்த மேல்மல ஓரத்துல வேல பாக்க வர்றவங்களுக்கு, இங்க விடியக்காலைல ஊரே மரத்துக்கடியில நிக்கும், ஒம்பது மணிக்குள்ள அந்த பால் ரோட்ட கடக்கணும்னு யாராவது சொல்லி குடுத்தா நல்லது. அமோனியா ஊத்தி வச்சா உறையாதேன்னு விவரம் தெரிஞ்ச ஒருத்தரு சொன்னாரு, சரி தான், ஊத்துனா அப்புறம் ஷீட்டுக்கு ஆசிட் கூடுதலா ஊத்தணும், அந்த செலவு அருவிய பாக்க வந்தவரு கணக்குலயா எழுதுறது?

வர்றவங்கள நான் குறை சொல்லல, தப்பா எடுக்காண்டாம். எனக்க சித்தப்பா மகன் அருவிகிட்ட தான் சிப்ஸ் கட போட்டிருக்கான், கூட்டம் வந்தா தான் அவனுக்கு அடுப்பு எரியும். கேரளா வண்டின்னு பிரிச்சும் பேசல, பனச்சமூடு தாண்டுனா வெள்ளறடை, அங்க தான் எனக்க அக்காவ கெட்டி குடுத்திருக்கு, மாசத்துல ரெண்டு தடவ அங்க சோறு தின்னுறவன் நான். கோதையாறு இப்படி பாறை மேல விரிஞ்சு விழுறத பாக்க யாருக்கு தான் ஆச இருக்காது, மேல தடுப்பணைல படகு, கீழ குளியல், பக்கத்துலயே மகாதேவர் கோயில், அந்தால மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால் மலையில 9ஆம் நூற்றாண்டு சமணர் சிற்பம், சாயங்காலத்துக்குள்ள பத்மநாபபுரம் அரண்மன. ஒரே நாள்ல எல்லாம் பாக்கணும்னா காலைல எங்க ஊர்ல குளிச்சிட்டு தொடங்குனா தான் சரியா வரும். அரண்மனைக்கு திங்கக்கிழம லீவு வேற, அதனால ஞாயித்துக்கிழம நெருக்கடி கூடும். அவங்க கணக்கு அவங்களுக்கு சரி, ஆனா அந்த காலைல தான் எங்க பாலும் ரோட்டுல வருது.

அரண்மனைன்னு சொன்னதும் ஒண்ணு நெனவு வருது. 1956 நவம்பர் 1ல நாங்க தமிழ்நாட்டோட சேந்தோம், அரண்மன நம்ம மண்ணுல, ஆனா அத பாக்குறது கேரள அரசோட தொல்லியல் துற. இன்னைக்கும் நடக்குது. நவராத்திரிக்கு இங்க இருந்து மூணு சாமிய திருவனந்தபுரத்துக்கு கொண்டு போறப்ப களியக்காவிளைல ரெண்டு மாநில போலீசும் நின்னு மரியாத குடுத்து அனுப்புறாங்க, வாங்குறாங்க. ரெண்டு மாநிலம் பேசி ஒரு அரண்மனையவும் மூணு சாமியவும் ஒழுங்கா பாத்துக்க முடியுது, ஒரே மாநிலத்துல ஒரே மாவட்டத்துல இருக்க மூணு ஆபீசுக்கு ஒரு ரோட்டு ஓரம் யாரோடதுன்னு பேசி முடிக்க முடியல. இல்ல தெரியாம தான் கேக்குறேன், அதுக்கும் எல்லைல வச்சு பேச்சுவார்த்த நடத்தணுமா?

கன்னியாகுமரில கடலுக்கு மேல 77 மீட்டர் நீளத்துக்கு கண்ணாடி பாலம் போட்டு 2024 டிசம்பர்ல தொறந்தாச்சு, 37 கோடி ரூவா. நல்ல விஷயம், நானும் புள்ளைங்கள கூட்டிட்டு போய் நடந்தேன், கீழ பாத்தா தல சுத்துது. நாங்க கேக்குறதுக்கு கண்ணாடி வேண்டாம், கோடி வேண்டாம். கொஞ்சம் கம்பு, ஒரு கயிறு, லீவு நாள் காலைல ஆறு மணில இருந்து பத்து மணி வரைக்கும் ரெண்டு ஆளு. 1966ல மாத்தூர்ல பறளியாத்துக்கு மேல 115 அடி உயரத்துல தொட்டி கட்டி தண்ணிய இந்த மலைல இருந்து அந்த மலைக்கு கொண்டு போன நாடு சார் இது. ரெண்டு பக்கெட் பால ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு போக முடியலன்னு சொன்னா யாரு நம்புவா?

முடியாதுன்னும் சொல்லாண்டாம், முடியும்னு நான் கண்ணால பாத்திருக்கேன். சிவராத்திரிக்கு பன்னெண்டு சிவன் கோயிலுக்கு ஓடுற சிவாலய ஓட்டத்துல மூணாவது கோயில் எங்களுது. திக்குறிச்சில இருந்து கோவிந்தா கோபாலான்னு ஓடி வர்ற கூட்டத்துக்கு அன்னைக்கு வழி விடுறாங்க, வண்டிய ஓரம் கட்டுறாங்க, வேண்டிய எடத்துல தடுப்பு வைக்குறாங்க, போலீசு நிக்குது, எல்லாம் நடக்குது. நானும் சின்ன வயசுல கைல விசிறிய வச்சுக்கிட்டு ஓடுனவன் தான், ஒரு வண்டி இடிச்சதில்ல. சாமிக்கு ஒரு நாள் முடியுறது எங்களுக்கு வாரத்துல ஒரு நாலு மணிக்கூர் முடியாதா?

இன்னொரு நாளும் ரோடு கெடைக்கும், அதையும் சொல்லிடுறேன். பேச்சிப்பாறை அணைல உபரி தண்ணி தொறந்துட்டா அருவில குளிக்க தடன்னு பேப்பர்ல போடுவாங்க இல்லியா, அன்னைக்கு ரோடு காலியா கெடக்கும். ஆனா அப்படி தண்ணி வர்ற மழைல மரம் நனஞ்சு பால்வெட்டும் இருக்காது. ரோடு இருந்தா பால் இல்ல, பால் இருந்தா ரோடு இல்ல. சிரிக்காதீங்க சார்.

எழுத தொடங்குனா நெறய வருது. கல்லும் எம்சாண்டும் ஏத்திட்டு எல்ல தாண்டி ஓடுற டாரஸ் லாரிய பத்தி எழுதலாம், அதுக்கு வழி விட்டு வழி விட்டே பள்ளிக்கூட புள்ளைங்க ஓடைல எறங்கி நடக்குறத எழுதலாம். தடுப்பணைக்கு மேல கரையில பீர் பாட்டில ஒடச்சு போட்டு போறத எழுதலாம், எனக்க மகன் குதிங்கால்ல தையல் போட்டது அதுனால தான், ஊர் புள்ளைங்க ஆத்துல குளிக்கவே செருப்போட எறங்குது. பொம்பளைங்க துணி மாத்துற எடத்த பத்தி எனக்க வீட்டுக்காரி எழுத சொன்னா, அவ பாஷைல எழுதுனா நீங்க படிக்க மாட்டீங்க. இது எல்லாம் இன்னொரு நாள். எல்லாத்தையும் சேத்து கேட்டா ஒண்ணும் நடக்காதுன்னு தெரியும், அதனால தான் திரும்பவும் அந்த ஒண்ணுக்கே வர்றேன்: ரோட்டுல ஒரு பக்கம் வண்டி நிறுத்த விடாதீங்க.

கோவத்துல ஒண்ணு ரெண்டு வார்த்த கூட வந்திருந்தா மன்னிக்கணும். ஷீட்டு காஞ்சிருந்தா மகளுக்கு டியூஷன் பீஸ் கெட்ட வச்சிருந்த காசு அது, மாஸ்டர்கிட்ட அடுத்த வாரம்னு சொல்லி வச்சிருக்கேன்.

தயவு செஞ்சு ஒரு ஞாயித்துக்கிழம காலைல எட்டரைக்கு யாராவது ஒரு அதிகாரி ஜீப்ப விட்டுட்டு பைக்ல வந்து பாருங்க. மெனக்கெட்டு சொல்லிட்டு வரணும்னு இல்ல. நான் எட்டே முக்காலுக்கு அந்த வளைவுல தான் இருப்பேன், பழைய ஹீரோ ஹோண்டா, பின்னால ரெண்டு கறுப்பு பக்கெட்டு. பக்கத்துலயே சாயா கட இருக்கு, சாயா நான் வாங்கி தாரேன், வழி கெடைக்குறது வரைக்கும் குடிச்சிட்டு நிக்கலாம்.

இப்படிக்கு,
பணிவுடன்,
திற்பரப்பு பால்வெட்டுகாரன்