அப்பாவுக்கு, செர்னிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதா? இங்கே ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியவில்லை. வீடு எடுத்திருப்பது பிரான்ஸ் பக்கம், வாடகை குறைவு என்பதால். எல்லையைத் தாண்டினால் ஜெனிவா. அங்கே கத்தரிக்காய் விலையைக் கேட்டால் அம்மா மயங்கி விழுந்துவிடுவாள். நான் வேலை செய்யும் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் வளாகத்தில் நம் நடராஜர் நிற்கிறார், 2004-ல் இந்தியா கொடுத்த சிலை.

அப்படி என்ன வேலை என்று போனில் கேட்டீர்கள், அதற்குள் லைன் போய்விட்டது. வேண்டாததைக் கழித்துக்கட்டும் வேலை அப்பா.

தரைக்குச் சுமார் 100 மீட்டர் அடியில், 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான் கொத்துகள் எதிரெதிராக ஓடுகின்றன. மோதலில் பிறக்கும் துகள்களைப் பதிவு செய்யும் எங்கள் சி.எம்.எஸ். கருவிக்குள் அவை 25 நானோ நொடிக்கு ஒரு முறை சந்திக்கும், நொடிக்கு 4 கோடி முறை. அந்த 25 நானோ நொடியில் ஒளியே ஏழரை மீட்டர்தான் போகும்; கருவியின் நீளமோ 21 மீட்டர். ஒரு மோதலில் பிறந்த துகள்கள் வெளியேறி முடிப்பதற்குள் அடுத்த மோதல் நடந்துவிடுகிறது! ஒவ்வொரு பதிவும் ஒரு மெகாபைட்டுக்குக் குறையாது. பெருக்கிப் பாருங்கள், எந்த டிஸ்க் தாங்கும்?

அதனால்தான் டிரிக்கர், எந்தப் பதிவை வைத்துக்கொள்வது என்று உடனுக்குடன் முடிவெடுக்கும் வடிகட்டி. முதல் கட்டத்தில் எஃப்.பி.ஜி.ஏ. சிப் (உள்சுற்றை நாமே மாற்றி அமைத்துக்கொள்ளக்கூடிய சிப்) பதித்த போர்டுகள் அரைகுறைத் தகவலை மட்டும் பார்த்து, சுமார் 4 மைக்ரோ நொடிக்குள் எடுப்பதா விடுவதா என்று சொல்லியாக வேண்டும். அதுவரை முழுப் பதிவும் கருவியிலேயே காத்திருக்கும். தாமதித்தால் அதே இடத்தில் அடுத்தது வந்து உட்கார்ந்துவிடும். நான் மல்லுக்கட்டுவது இந்தப் போர்டுகளோடுதான். தேறுவது நொடிக்கு 1 லட்சம். அப்புறம் மேலே உள்ள கணினிகள் அதைச் சில ஆயிரமாகக் குறைக்கும்.

விட்டது விட்டதுதான். பழைய கரண்ட் பில்லைக்கூடக் கம்பியில் குத்தி வைக்கும் உங்களுக்கு இது பொறுக்காது. இங்கேயும் அந்தக் கவலை உண்டு. வடிகட்டி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் பதிவுகளை எடுத்து வைப்போம். வேறு சிலவற்றில் முழுப் பதிவை விட்டுவிட்டு, சுருக்கத்தை மட்டும் நிறையச் சேமிப்போம். இதே வளையத்தில் வேறொரு கருவி வைத்திருக்கும் எல்.எச்.சி.பி. குழு, 2022-ல் தொடங்கிய மோதல் சுற்றில் போர்டு வடிகட்டியையே தூக்கிவிட்டது. எல்லாவற்றையும் படித்து ஜி.பி.யூ.களிடம், அதாவது கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் சிப்களிடம், கொடுக்கிறார்கள். அவர்கள் பதிவு சிறியது, கட்டுப்படியாகிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

2012-ல் ஹிக்ஸ் துகள் தெரிந்ததும் டிரிக்கர் எடுத்து வைத்த பதிவுகளில்தான். ஆனால் அதன் குணம் எப்படி இருக்கும் என்று முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். யாரும் நினைத்தே பார்க்காத ஒன்று வந்தால் எடுத்து வை என்று போர்டுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? ராத்திரி ஷிஃப்டில் இதைத்தான் எல்லோரும் பேசிக்கொண்டிருப்போம்.

குளிர்காலத்தில் வளையத்தை நிறுத்துவார்கள், மார்கழியில் லீவு கேட்டிருக்கிறேன். தம்பியை வெரிலாக் படிக்கச் சொல்லுங்கள், இந்தச் சிப்புகளுக்குள் சுற்றை எழுதும் மொழி அது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் சின்ன எஃப்.பி.ஜி.ஏ. போர்டு என்ன விலை என்று விசாரிக்கட்டும், பணம் நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
வித்யா