பிடிஎஃப் கையில் இருந்தால் உயில் எழுதியாயிற்று என்று நினைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருங்கல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வக்கீல் வேண்டாம், பத்திரம் எழுதுகிறவர் வேண்டாம், வீட்டில் உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரத்தில் உயில் எழுதி முடிக்கலாம் என்று போனைத் திறந்தாலே விளம்பரம் வருகிறது. அதில் வக்கீல் வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் உயில் எழுதும் வேலை எங்கே முடிகிறது என்பதை யாரும் சரியாகச் சொல்லாததால், என் தங்கை தான் குடியிருக்கும் வீட்டில் இன்று பாதிக்கு மட்டும்தான் சொந்தக்காரி.

தங்கையின் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் வேலை பார்த்தவர். பிள்ளைகள் இல்லை. ஊரில் 12 சென்டில் ஒரு வீடு, அவரே சம்பாதித்து வாங்கிக் கட்டியது. எனக்கு ஏதாவது ஆனால் எல்லாம் இவளுக்குத்தான் என்று எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறார், வாயால் சொன்னது போதாது என்று லீவில் வந்தபோது ஒரு இணையதளத்தில் பணம் கட்டி, அது கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் போட்டு, ஆதார் ஓடிபி வைத்து மின் கையெழுத்தும் போட்டு, வந்த பிடிஎஃப்பைத் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தார். பிரிண்ட் எடுக்கவில்லை. சாட்சிக் கையெழுத்தும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து மாரடைப்பில் போய்விட்டார்.

அந்தப் பிடிஎஃப்பை எடுத்துக்கொண்டு தக்கலையில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை, இது உயிலே இல்லை அம்மா என்றார். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின் கையெழுத்தை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் எந்தெந்த ஆவணத்துக்கு அது செல்லாது என்று அதன் முதல் அட்டவணையில் ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் உயிலும் உண்டு. 2022-இல் அந்தப் பட்டியலைத் திருத்தினார்கள், அப்போதும் உயிலை எடுக்கவில்லை. ஆக, கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யலாம், மாதிரிப் படிவம் எந்தத் தளத்திலிருந்தும் எடுக்கலாம், ஆனால் கடைசியில் அது தாளாக வர வேண்டும், அதில் பேனாவால் கையெழுத்தோ கைநாட்டோ விழ வேண்டும்.

உயில் இல்லை என்றால்? நாங்கள் கிறிஸ்தவர்கள். பிள்ளை இல்லாதவர் இறந்தால் மனைவிக்குப் பாதி, மீதிப் பாதி அவருடைய உறவுகளுக்கு. அவருக்கு அப்பா இல்லை, அதனால் அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் பங்குக்காரர்கள். அவர்கள் நல்லவர்கள்தான், அவருடைய அம்மா அழுதுகொண்டே எனக்கு எதுவும் வேண்டாம் என்றார். ஆனால் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமே. ஒரு கொழுந்தன் கத்தாரில், இன்னொருவர் என் பங்குக்கு விலை சொல்லுங்கள் என்கிறார். தங்கை வீட்டின் மேல் ஒரு லோன்கூட வாங்க முடியாமல் நிற்கிறாள்.

இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, 63-ஆம் பிரிவு. இந்த ஒன்றைத்தான் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். எழுதுகிறவர் கையெழுத்துப் போட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைக் கண்ணால் பார்த்தோ, இது என் கையெழுத்துதான் என்று அவர் வாயால் கேட்டோ, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உள்ளே யாருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரியவும் வேண்டாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும், தமிழில் எழுதினால் போதும். வளைகுடாவில் இருக்கிறவர்கள் ரூமில் கூட இருக்கும் இரண்டு பேரை வைத்தே ஊர் சொத்துக்கு உயில் எழுதலாம். எங்கள் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் அன்றைக்கு நான்கு பேர் இருந்தார்கள். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்கள்.

சாட்சி யார் என்பதிலும் நம் ஊரில் ஒரு தப்பு நடக்கிறது. கையருகில் இருக்கிறார் என்று மருமகனையே சாட்சி போடச் சொல்லிவிடுகிறோம். கிறிஸ்தவர் எழுதும் உயிலில் சாட்சி போட்டவருக்கோ அவர் மனைவிக்கோ கணவனுக்கோ எழுதிய சொத்து செல்லாது, அதாவது மருமகன் கையெழுத்துப் போட்டால் மகளுக்கு எழுதியது போய்விடும்! இந்துக்களுக்கு இந்த விதி இல்லை என்றாலும், பங்கு இல்லாத ஆளாக, நம்மைவிட வயது குறைந்தவராகப் பார்த்துப் போடுவதுதான் நல்லது, ஏனென்றால் பின்னால் கோர்ட்டில் தகராறு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டியிருக்கும். கிறிஸ்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய உயில் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும், திரும்ப எழுத வேண்டும். முஸ்லிம்களுக்குச் சட்டம் வேறு, வாரிசுகள் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது, அவர்கள் பொதுவான படிவத்தை நம்பவே கூடாது.

பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைப்பது நல்லது என்பேன், உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. பதிந்துவிட்டால் மாற்ற முடியாது என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி இல்லை, உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவையும் மாற்றலாம், முறையாக எழுதிய கடைசி உயில்தான் நிற்கும். அப்புறம், பேங்கில் நாமினி போட்டிருக்கிறேனே என்பவர்களுக்கு: நாமினி பணத்தை வாங்கலாம், அதனால் மட்டும் அது அவருக்குச் சொந்தமாகிவிடாது.

பத்திரத்தின் அருமை தெரியாத ஊர் இல்லை இது. அப்போது எங்கள் ஊர் இருந்த திருவிதாங்கூரின் 1916-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிறிஸ்தவப் பெண்ணுக்கு ஆணின் பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், இதில் எது குறைவோ அது. அந்தக் கணக்கில் சீதனத்தோடு வெளியே வந்தவர் என் அம்மா. 1986-இல், மேரி ராய் என்ற கிறிஸ்தவப் பெண் போட்ட வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951-லிருந்தே செல்லாது என்று சொன்னது. அம்மாவுக்குச் சட்டம் தரவில்லை. தங்கைக்குக் கொடுக்க ஆள் இருந்தும் ஒரு தாளில் இரண்டு கையெழுத்து இல்லாமல் போயிற்று.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். உயில் தயாரித்துக் கொடுக்கும் தளங்கள், பிரிண்ட் எடுத்து இரண்டு சாட்சிகளோடு கையெழுத்துப் போடும்வரை இது செல்லாது என்று முதல் பக்கத்திலேயே தமிழில் பெரிய எழுத்தில் போட வேண்டும், அரசு அதைக் கட்டாயமாக்க வேண்டும். நம் மாவட்டத்துச் சார்பதிவாளர் அலுவலகங்களிலும் இதே வாசகத்தை ஒரு போர்டில் எழுதி வைத்தால் செலவு பெரிதாக ஆகாது. லீவுக்கு ஆட்கள் ஊருக்கு வரும் டிசம்பருக்கு முன்னால் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கருங்கல், குமரி மாவட்டம்.