ஓரம் இல்லாத வீதியில் சைக்கிள்கள் எங்கே ஓடுவது?

ஆசிரியர் அவர்கட்கு,

பரந்தன் – முல்லைத்தீவு (ஏ-35) வீதியில் டிப்பர் சாரதிகளுக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் இடையே மூளும் வாய்த்தர்க்கங்கள் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளியான செய்தியில், சைக்கிளோட்டிகள் நடுவீதிக்கு வருவதே காரணம் எனச் சாரதிகள் கூறியிருந்தனர். ஓரத்தில் ஓட இடமில்லாததாலேயே அவர்கள் உள்ளே வருகிறார்கள். மாரி மழை கிரவலை அரித்துச் சென்ற இடங்களில் தார் விளிம்பு ஒரு சாண் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. பின்னால் வந்த டிப்பரின் ஹோன் சத்தத்துக்குப் பயந்து ஒதுங்கிய பாடசாலை மாணவி ஒருவர், அந்த விளிம்பில் முன்சில்லு சறுக்கிப் புத்தகப்பையோடு விழுந்ததை நேரில் கண்டேன். சாரதி வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

பஸ் ஓடாத உட்கிராமங்களின் பிள்ளைகளுக்கும் கூலிவேலைக்குப் போவோருக்கும் சைக்கிளை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே, வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் வீதியோரங்களைக் கிரவல் இட்டுத் தார் மட்டத்துக்கு உயர்த்தி இறுக்குவதுடன், காலை 7.30 மணிக்கு முன்னரும் பிற்பகல் 1.30 மணிக்குப் பின்னரும் ஒவ்வொரு மணிநேரம் மணல், கிரவல் ஏற்றும் டிப்பர்கள் இவ்வீதியில் ஓடுவதைத் தடைசெய்யவும் பொறுப்பான அதிகாரிகள் உடன் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

வாசகர்,
விசுவமடு