பிளஸ் 1 இயற்பியல் மாணவர்களின் பூங்காப் பயணம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். பிளஸ் 1 இயற்பியல் மாணவர்களைச் சென்னைக்கு அருகில் உள்ள பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்துச் செல்ல அனுமதி கேட்டுச் சென்ற வாரம் படிவம் அனுப்பியிருந்தோம். பாதிதான் திரும்பி வந்திருக்கிறது. "படிக்கிற நேரத்தில் ராட்டினம் எதற்கு?" என்று ஒரு தந்தை நேரிலேயே வந்து கேட்டார். நியாயமான கேள்வி.

அவரை முதல் மாடிக்கு அழைத்துப் போனேன். பிளாஸ்டிக் பாட்டிலில் அடிப்பக்கம் ஆணியால் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடியைக் கழற்றிவிட்டு ஒரு மாணவி கையில் பிடித்திருந்தாள். தண்ணீர் நூலாகப் பீய்ச்சியது. பாட்டிலைக் கைவிட்டாள். தரையைத் தொடும்வரை ஓட்டையிலிருந்து ஒரு சொட்டுக்கூட வரவில்லை. அவர் இன்னொரு முறை போடச் சொன்னார். பாட்டிலும் தண்ணீரும் ஒரே வேகத்தில் விழும்போது ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை; அதனால்தான் நீர் நின்றுவிடுகிறது.

ரோலர் கோஸ்டர் மேட்டைத் தாண்டிச் சரியும்போது வயிற்றில் 'ஜிவ்'வென்று ஏறுகிறதே, அதுவும் இதுதான். இருக்கையும் நாமும் சேர்ந்து விழுகிறோம். இருக்கை நம்மைத் தாங்குவதில்லை. 2025 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா மிதந்ததற்கும் காரணம் இதுவே. அங்கே ஈர்ப்பு இல்லை என்று பலரும் நினைக்கிறோம். நிலையம் இருக்கும் 400 கி.மீ. உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் உள்ளதில் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதம் இருக்கிறது. நிலையம் ஓயாமல் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் ஓடுவதால் தரையைத் தொடாமல் பூமியைச் சுற்றிவருகிறது. பூங்காவில் ஓரிரு வினாடி கிடைப்பது அங்குள்ள வீரர்களுக்கு நாள் முழுக்கக் கிடைக்கிறது.

ரோலர் கோஸ்டரின் பள்ளத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே மூன்று மடங்கு விசை அழுத்தினால், 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்குத் தான் 120 கிலோ இருப்பதுபோல் தோன்றும். உட்கார்ந்த நிலையில் ரத்தம் காலுக்கு இறங்கிக் கண் மங்கக்கூடும். ராக்கெட்டில் விண்வெளி வீரர்களை மல்லாந்து படுக்கவைப்பது இதற்காகத்தான். பாரம் நெஞ்சில் விழும், மூளைக்கு ரத்தம் குறையாது.

எனக்கு மிகவும் பிடித்தது சந்திரயான்-3 சென்ற பாதை. ரோலர் கோஸ்டருக்கு எஞ்சின் கிடையாது. சங்கிலி முதல் மேட்டுக்கு இழுத்துவிடும். அதன்பின் உயரம் வேகமாகவும் வேகம் உயரமாகவும் மாறிக்கொண்டே இருக்கும். 20 மீட்டர் இறங்கினால் உராய்வை நீக்கிவிட்டுப் பார்க்க, மணிக்கு 70 கி.மீ. வேகம். 2023 ஜூலையில் புறப்பட்ட சந்திரயானும் நீள்வட்டப் பாதையில் பூமியை நெருங்கும்போது வினாடிக்குப் பத்து கி.மீ.க்கு மேல் பாய்ந்தது. ஒன்றேகால் லட்சம் கி.மீ.க்கு அப்பால் ஏறிய சுற்றில், உச்சியில் வினாடிக்கு ஒரு கி.மீ.கூட இல்லை. அடியில் வேகமாகப் பாயும் நேரத்தில் எஞ்சினை இயக்கினால் அதே எரிபொருளுக்குக் கூடுதல் ஆற்றல் கிடைக்கும். அப்படித்தான் சுற்றுக்குச் சுற்று உயரத்தைக் கூட்டி நிலவுக்கு அனுப்பினார்கள். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்.

திரும்பி வராத படிவங்களில் பெரும்பாலானவை மாணவியருடையவை. சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலத் திட்டத்தை நடத்திய நிகர் ஷாஜி செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்தவர். உங்கள் மகளையும் அனுப்புங்கள் என்று மனமாரக் கேட்கிறேன். இரண்டு ஆசிரியைகள் உடன் வருகிறார்கள், நானும் வருகிறேன்.

யாரையும் கட்டாயப்படுத்தி ஏற்றமாட்டோம். இதயக் கோளாறு, வலிப்பு, முதுகுவலி உள்ள பிள்ளைகள் ஏற வேண்டாம். படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். அவர்கள் கீழே நின்று கோணமானியால் மேட்டின் உயரத்தையும் ஸ்டாப் வாட்சால் நேரத்தையும் அளந்து, ஏறியவர்களுக்கு வேகத்தைக் கணக்கிட்டுச் சொல்வார்கள். படிவம் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்து சேரட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்