மிதிவண்டிச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர், செயற்குழுவினர் மற்றும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டம் ஒன்பது முறை நடந்தது. மூன்று மாதம் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, சேரவில்லை. ஜூன் 3, உலக மிதிவண்டி நாளன்று இராயபுரம் பழைய ரயில் நிலையத்திலிருந்து திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் வரை பத்தொன்பது பேர் ஓட்டினோம். சுதந்திர தினத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். ஆயுத பூஜைக்குப் பொரி கடலை வழங்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவசமாகப் பஞ்சர் ஒட்டிக் கொடுத்தோம். நவம்பர் கடைசி ஓட்டம் ஃபெஞ்சல் புயலால் ரத்தானது.

அப்புறம் அந்த ராலே சைக்கிள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஜனவரிக் கூட்டத்தில், செயலாளர் தன் சொந்த வண்டிக்குச் சங்கக் காசைப் போடுகிறார் என்று ஒரு உறுப்பினர் பேசினார். அது மினிட்ஸ் நோட்டிலும் ஏறிவிட்டது. அது என் வண்டி இல்லை. காலமான நம் மூத்த உறுப்பினர் கப்பலில் வேலை பார்த்தபோது, 1970-களில், இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றில் பழைய வண்டியாக வாங்கி வந்தது. வளைந்த ஹேண்டில்பார், பத்து கியர். இந்தியாவில், ஆசன்சோலில், சென்-ராலே கம்பெனி செய்த வண்டி அல்ல. பேட்ஜில் ராலேயின் இங்கிலாந்து ஊரான நாட்டிங்ஹாம் என்றே இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில், வியாசர்பாடியில் அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில், மூன்று நாள் தண்ணீரில் நின்றது. பழைய இரும்புக் கடைக்குப் போக இருந்ததை அவர் மகள் நிறுத்தி, "அப்பா உங்க கூடத்தான் காலையில ஓட்டுவாரு, நீங்களே வச்சுக்குங்க அங்கிள்" என்று என்னிடம் கொடுத்தார். சங்கத்துக்குத்தான் கொடுத்தார். சீரமைக்க வேண்டும் என்று ஜூன் செயற்குழு ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. சனிக்கிழமை மாலை வேலைக்கு வருவதாகப் பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். சங்கத்துக்கு இடம் கிடையாது என்பதால் தண்டையார்பேட்டையில் என் வீட்டு மொட்டை மாடியில் வைத்தோம்.

முதல் சனிக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். மூன்றாவது சனிக்கிழமை இரண்டு பேர். அதற்கு மேல் பெரும்பாலும் நானும் என் மகனும்தான்.

முதல் தடங்கல் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம். ஸ்டெம் அலுமினியம், அது இறங்கியிருக்கும் குழாய் இரும்பு. நம் பக்கத்துக் கடல் காற்றும் உப்பும் சேர்ந்தால் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். போல்ட்டை நாலு சுற்றுத் தளர்த்தி, மேலே கட்டை வைத்துத் தட்டினால் உள்ளேயிருக்கும் ஆப்பு இறங்க வேண்டும். இறங்கவில்லை. துரு இளக்கும் எண்ணெயைத் தினமும் காலையும் மாலையும் விட்டு, பத்தாம் நாள்தான் அசைந்தது. அவசரப்பட்டு முறுக்கியிருந்தால் ஃபோர்க் கோணியிருக்கும். சின்ன நட்டு, வாஷர்களை என் மனைவி புளித்தண்ணீரில் ஓர் இரவு ஊறப் போட்டார். துரு கையோடு வந்தது. கழுவி, துடைத்து, உடனே எண்ணெய் தடவிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாளே திரும்பத் துருப் பிடிக்கும்.

பெடல் அச்சில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். புதுசாகச் சீல் வைத்த அச்சு ஒன்று வாங்கினேன், அதன் கப் (சட்டத்தில் முறுக்கி ஏற்றும் கிண்ணம்) ஏறவே இல்லை. இப்போது கடையில் கிடைப்பவை பெரும்பாலும் அங்குலத்துக்கு 24 மரை. அந்தக் கால ராலே வண்டிகள் பலவற்றில் 26 மரை. இரண்டு சுற்று ஏறி இறுகுகிறது, பலம் போட்டால் சட்டத்தின் மரை போய்விடும். அந்த அச்சைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, ₹750 வீண். ஒப்புக்கொள்கிறேன். பழைய கப் இரண்டும் நன்றாகவே இருந்தன. அதனால் அவற்றையே வைத்து, பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டு பதினொன்று, புது கிரீஸ் போட்டு முடித்தோம். கிராங்கை, அதாவது பெடல் கையை, அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னை அடிக்க எங்கள் தெருமுனை சைக்கிள் கடைப் பெரியவர்தான் சொல்லிக் கொடுத்தார். கிராங்குக்கு அடியில் ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்துவிட்டு மேலே அடிக்க வேண்டுமாம். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுக்கக் குண்டுகளில் இறங்கி கப்பில் பள்ளம் விழும். அந்தக் காட்டர் பின்னையும் அரத்தால் ராவி ராவித்தான் பொருத்தினார். கூலி வாங்கவில்லை.

டயர் விஷயத்தையும் மறைக்க விரும்பவில்லை. அந்த வண்டிக்கு 27 அங்குல டயர், ரிம்மில் உட்காரும் விட்டம் 630 மில்லிமீட்டர். நம் ஊர்க் கருப்பு சைக்கிளின் 28 இன்ச் ஒன்றரை டயர் 635. ஐந்து மில்லிமீட்டர்தானே என்று மாட்டினேன்; காற்று ஏற ஏற ஒரு பக்கம் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. இப்போதைய ரேஸ் வண்டிகளின் 700சி டயரிலும் 28 என்று அச்சிட்டிருப்பதுண்டு, ஆனால் அதன் விட்டம் 622. ஒரே எண்ணை நம்பி யாரும் டயர் வாங்காதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள்.

பழைய இரும்பு ரிம் இரண்டும் உள்ளே துருவில் பொத்துப்போயிருந்தன. மழையில் இரும்பு ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். எனவே 700சி அலுமினியச் சக்கரமாக மாற்றினோம். பிரேக் கட்டையை நாலு மில்லிமீட்டர் கீழே இறக்கினால் போதும், அந்தப் பழைய பிரேக்கில் அதற்கு இடம் இருந்தது. பின்பக்கம் ஐந்துக்குப் பதில் ஏழு பல்சக்கர ஃபிரீவீல். அதற்குச் சட்டத்தின் பின்கால் இடைவெளியை 120-லிருந்து 126 மில்லிமீட்டராக விரிக்க வேண்டும். இதை இரும்புச் சட்டத்தில் செய்யலாம். அலுமினியத்தில் செய்யவே கூடாது, வெடிப்பு விடும். மரை போட்ட நீளக் கம்பியில் இரண்டு நட்டு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். இரும்பு திரும்பிச் சுருங்கும் என்பதால் தேவையைவிடக் கூடுதலாகத் தள்ளி, விட்டு, அளந்து, மறுபடி தள்ளி, ஒரு மாலை முழுக்கப் போனது. பிறகு ஹேண்டில் குழாயிலிருந்து பின்கால் வரை நூல் கட்டி, இரண்டு பக்கமும் சீட் குழாயிலிருந்து ஒரே தூரம் வருகிறதா என்று பார்த்தோம். வந்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத வராது.

பவுடர் கோட்டிங் கொடுத்துப் புதுசாக்கலாம் என்று செயற்குழுவில் இருவர் சொன்னார்கள். நான் மறுத்தேன், இன்றும் மறுக்கிறேன். குழாய்கள் சேரும் இடத்து லக் விளிம்புகளில் கையால் இழுத்த பொன் கோடு பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அவர் கை பட்டுத் தேய்ந்த இடமும் இருக்கிறது. அதையெல்லாம் சுரண்டிவிட்டால் மிச்சம் ஒரு புது வண்டிதான். குழாய்களின் உள்ளே ஆளிவிதை எண்ணெய் ஊற்றிச் சுழற்றிக் காயவிட்டிருக்கிறேன். துரு உள்ளிருந்துதான் தின்னும்.

பிப்ரவரியில் ஒரு விடிகாலை எண்ணூர் முகத்துவாரம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நேராகப் போகிறது, கையை எடுத்தாலும் ஒரு பக்கம் இழுக்கவில்லை. மறுவாரம் அவர் மகள் வந்து பெல்லை மட்டும் இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

வண்டிக்கு ஆன செலவு சுமார் ₹11,000. சங்கம் கொடுத்தது ₹6,000, மீதி நான் போட்டது. நான் போட்டதைத் திரும்பக் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன. இரண்டு மட்டும் மழையில் நனைந்து எழுத்து அழிந்துவிட்டது.

மற்றக் கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. கையிருப்பு ₹4,000-க்குச் சற்று மேல். முழு விவரத்தைப் பொருளாளர் அடுத்த மாதம் தருவார்.

சந்தாவைப் பற்றிப் பேச எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. உறுப்பினர் நாற்பத்தாறு பேர். மாதம் ₹50, வருடத்துக்கு ₹600. முழுசாகக் கட்டியவர்கள் பதினேழு பேர், இரண்டு வருடமாகக் கட்டாதவர்கள் பதினொருவர். கஷ்டத்தில் இருப்பவர்களை நான் கேட்கவே மாட்டேன், அது யார் யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் கணக்கில் கேள்வி கேட்டவரின் பெயருக்கு நேரே பதினாலு மாதம் காலியாக இருப்பதைப் பார்த்தபோது மனசு வலித்தது. கேள்வி கேட்பது அவர் உரிமைதான். சனிக்கிழமைக்குப் பெயர் கொடுத்தவர்களிலும் அவர் ஒருவர்.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினருக்கும், பந்தல் நாற்காலி கொடுத்தவருக்கும், டீக்கடைக்காரருக்கும், தெருமுனைப் பெரியவருக்கும், மாடியில் எட்டு மாதம் கிரீஸ் கறையைப் பொறுத்துக்கொண்ட என் குடும்பத்துக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு இன்னும் மூன்று பழைய வண்டிகள் வந்திருக்கின்றன. ஒன்று அம்பத்தூரில் டி.ஐ. கம்பெனி செய்த ஹெர்குலிஸ், மட்கார்டு கூட அசல். மூன்றும் தார்ப்பாய் மூடி என் மாடிப்படியடியில் நிற்கின்றன. வீட்டுக்காரர் ஒருமுறை சொல்லிவிட்டார். ஒரு சின்ன ஷெட்டு, பத்துக்குப் பத்து, ஒரு மின் விளக்கு இருந்தால் போதும். யார் வீட்டிலாவது அப்படி ஓர் இடம் சும்மா கிடந்தால் சொல்லுங்கள். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் நோட்டுகளையும் சாவியையும் இன்றே ஒப்படைக்கிறேன். யாரும் வராவிட்டால் நானே பார்க்கிறேன். ஆனால் சனிக்கிழமை நாலு மணிக்கு இரண்டு ஜோடிக் கையாவது வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஃபிரீவீல் கழட்டும் கருவி டிசம்பரிலிருந்து காணவில்லை. யாரோ வேலைக்காக எடுத்துப் போயிருக்கிறீர்கள். அது இல்லாமல் ஹெர்குலிஸைத் தொட முடியாது. என் வீட்டுக் கதவில் ஒரு பையில் மாட்டிவிட்டுப் போனாலும் போதும்.